சும்மா இருக்கும் 16 கோடிப் பேர்

மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் 1995-லிருந்து ஒரு புத்தகம் போட்டுக்கொண்டு வருகிறது. 'விமன் அண்ட் மென் இன் இந்தியா'. அதாவது, இந்தியாவில் பெண்களும் ஆண்களும். 2024-ம் வருஷத்துப் பதிப்பு 26-வது. கதை கிடையாது, வர்ணனை கிடையாது. முழுக்க முழுக்க அட்டவணைகள். கல்யாண ஆல்பம் மாதிரி பக்கத்துக்குப் பக்கம் பெண்ணும் ஆணும் ஜோடியாக நிற்பார்கள். படிப்பில் இவர் இத்தனை, அவர் இத்தனை. வேலையில் இவர் இத்தனை, அவர் இத்தனை.

சந்தோஷப்படவும் விஷயம் இருக்கிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஆண்களில் ஓட்டுப் போட்டவர்கள் 65.55 சதவிகிதம். பெண்களில் 65.78. மயிரிழைதான், ஆனாலும் முந்திவிட்டார்கள். நாட்டில் உள்ள பேங்க் கணக்குகளில் 39.2 சதவிகிதம் பெண்கள் பெயரில் இருக்கிறது. ஷேர் வாங்கி விற்க உதவும் டீமேட் கணக்கு வைத்திருந்த பெண்கள் 2021 மார்ச்சில் 67 லட்சம். 2024 நவம்பரில் 2.77 கோடி. இதையெல்லாம் ஒரே இடத்தில் தொகுத்துக் கொடுப்பது நல்ல காரியம். குறை சொல்ல மனசு வராது.

ஆனால், பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த எண்ணைப் பார்த்தாலும் 'இதன் எதிர்ப் பதிவு எங்கே?' என்று தேடுவான். பேரேட்டில் ஒரு பற்று எழுதினால் எங்கேயோ ஒரு வரவு எழுதியாக வேண்டும். முதல் வருஷம், முதல் வாரம் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. ஆண்-பெண் புள்ளிவிவரங்களில் எனக்கு இடிக்கிற இடமும் இதுதான். ஆண் எவ்வளவு நேரம் ஆபீஸில் இருக்கிறான் என்பது ஓர் அட்டவணை. பெண் எவ்வளவு நேரம் சமையற்கட்டில் இருக்கிறாள் என்பது இன்னோர் அட்டவணை. முதலாவது நடப்பதே இரண்டாவது நடப்பதால்தான் என்று எந்த அட்டவணையும் சொல்வதில்லை.

சும்மா சொல்லவில்லை. கணக்கே போட்டுவிடலாம்.

இதே அமைச்சகம் 2019-ல் 'நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு' என்று ஒன்றை நாடு முழுக்க நடத்தியது. 1,38,799 வீடுகள். ஆறு வயசுக்கு மேற்பட்ட 4,47,250 பேர். நேற்று காலை 4 மணியிலிருந்து இன்று காலை 4 மணி வரை என்ன செய்தீர்கள் என்று அரை மணி அரை மணியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அருமையான வேலை. அதில் வந்த முடிவு, பேப்பர்களில் எல்லாம் வந்தது: சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிஷம், ஆண்கள் செலவிடுவது 97 நிமிஷம்.

உச்ச நீதிமன்றமே 2021-ல் ஒரு தீர்ப்பில் இந்த இரண்டு எண்களையும் எடுத்துச் சொன்னது. அதற்குப் பிறகு மேடைக்கு மேடை 299, 97 என்று முழங்கிவிட்டார்கள்.

நமக்கு உடனே என்ன தோன்றுகிறது? 'பரவாயில்லையே, நம்ம ஆட்கள் தினமும் ஒன்றரை மணி நேரம் வீட்டு வேலை செய்கிறார்களே!'

கொஞ்சம் பொறுங்கள். அந்த 97 நிமிஷம், வீட்டு வேலை செய்த ஆண்களின் சராசரி. அப்படிச் செய்தவர்கள் நூறு ஆண்களில் 26 பேர். மிச்சம் 74 பேர் அன்றைக்கு ஒரு டம்ளரைக்கூடக் கழுவவில்லை. அந்த 74 பேரையும் வெளியே உட்கார வைத்துவிட்டு எடுத்த சராசரி அது. கல்யாணப் பந்தியில் பரிமாறியவர்களை மட்டும் நிற்கவைத்து போட்டோ எடுத்து, 'பையன் வீட்டார் எல்லாரும் ஓடியாடி வேலை பார்த்தார்கள்' என்று சொல்கிற மாதிரி.

எல்லா ஆண்களையும் சேர்த்து வகுத்தால் வருவது 25 நிமிஷம். பெண்களில் நூற்றுக்கு 81 பேர் வீட்டு வேலை செய்கிறார்கள் என்பதால் அவர்கள் கணக்கு அவ்வளவாக இறங்குவதில்லை. 243 நிமிஷம். ஆக, நிஜமான இடைவெளி மூன்று மடங்கு அல்ல. ஏறக்குறைய பத்து மடங்கு! ஒன்றும் மறைக்கவில்லை, அறிக்கைக்குள் பொறுமையாகத் தேடினால் இந்த எண்களும் கிடைக்கும். ஆனால், செய்தியாகி ஊர் சுற்றியது 97-தான். ஆண்களுக்கு எவ்வளவு தாராளமான எண் பாருங்கள்.

'சரி சார், அவன் வெளியே போய்ச் சம்பாதிக்கிறானே?' நியாயமான கேள்வி. அதையும் சேர்ப்போம். அதே கணக்கெடுப்பின்படி சம்பாத்திய வேலையில் ஈடுபட்ட ஆண்கள் 57.3 சதவிகிதம், தலைக்கு 459 நிமிஷம். பெண்கள் 18.4 சதவிகிதம், 333 நிமிஷம். எல்லாருக்குமாக வகுத்தால் ஆணுக்கு 263, பெண்ணுக்கு 61. குழந்தைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்வது தனி இனம். அதில் ஆணுக்கு 11 நிமிஷம், பெண்ணுக்கு 37. மூன்று இனங்களையும் கூட்டினால் ஆண் 299, பெண் 341. கூட்டலும் வகுத்தலும் என்னுடையது, எண்கள் அரசாங்கத்துடையது.

வித்தியாசம் தினமும் 42 நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல் என்று விடுமுறையெல்லாம் கிடையாது. 365-ஆல் பெருக்கினால் 255 மணி நேரம். எட்டு மணி நேரம் ஓர் ஆபீஸ் நாள் என்று வைத்தால் கிட்டத்தட்ட 32 நாள். வருஷத்தில் ஒரு மாசத்துக்கும் மேலாகக் கூடுதல் டியூட்டி பார்க்கிறாள். அப்படிப் பார்ப்பவளைப் பற்றி யாராவது விசாரித்தால் நாம் சொல்லும் பதில்: 'அவங்களா... வேலைக்கெல்லாம் போகலை, வீட்டுல சும்மாதான் இருக்காங்க.'

இந்த 'சும்மா'வுக்கு அரசாங்க முத்திரையும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலைதான் தங்களுடைய முக்கிய வேலை என்று சொன்ன பெண்கள் 15.98 கோடிப் பேர். ஆண்கள் 58 லட்சத்துக்கும் குறைவு. கணக்கெடுப்பின் அகராதியில் இவர்களுக்குப் பெயர் 'வேலை செய்யாதவர்கள்'. 2001 கணக்கெடுப்பு, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே பட்டியலில் போட்டிருந்தது. 2010-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.கே.கங்குலி ஒரு தீர்ப்பில் இதைக் கடுமையாகக் கண்டித்தார்.

பொருளாதாரக் கணக்கில் இன்னும் வேடிக்கை. நீங்கள் சொந்த வீட்டில் குடியிருக்கிறீர்கள். வாடகை கொடுப்பதில்லை, வாங்குவதில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்கு ஒரு வாடகையைக் கற்பனையாக மதிப்பிட்டு நாட்டின் மொத்த உற்பத்தியில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதே வீட்டைத் தினமும் பெருக்கித் துடைப்பவளின் உழைப்புக்கு மதிப்பு, பூஜ்யம். கிராமத்தில் வீட்டுத் தேவைக்காக வெண்டைக்காய் விளைவித்தால் உற்பத்தி. அதே வெண்டைக்காயை நறுக்கிப் பொரியல் செய்தால் உற்பத்தி இல்லை. இங்கிலாந்துப் பொருளாதார மேதை பிகு நூறு வருஷத்துக்கு முன்பே இதைக் கவனித்தார்: ஒருவன் தன் வீட்டு வேலைக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டால் தேசத்தின் வருமானம் குறைந்துவிடும்! வேலை அதே வேலைதான், சம்பளம் மட்டும் நின்றுவிடுகிறது.

உடனே ஒரு குரல் கேட்கும். 'அம்மா போடுகிற சாப்பாட்டுக்கு பில் போடச் சொல்கிறீர்களா? அன்புக்கு விலை வைப்பதா?'

கணக்கில் எழுதுவது வேறு, பில் போடுவது வேறு. கம்பெனிக் கணக்கில் தேய்மானம் என்று ஓர் இனம் உண்டு. மெஷின் ஓட ஓடத் தேய்கிறது. அந்தத் தேய்மானத்துக்காக யாரும் யாருக்கும் காசோலை கொடுப்பதில்லை. ஆனால், எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் காட்டுகிற லாபம் பொய் லாபம். வீட்டில் ஒரு மனுஷி தினமும் தேய்கிறாள். அதை எழுதாமல் விட்டுவிட்டு 'குடும்பம் என் சம்பாத்தியத்தில்தான் ஓடுகிறது' என்று ஒருவர் சொன்னால், அந்த பேலன்ஸ் ஷீட்டில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடக் கூடாது.

எழுதுவது அவ்வளவு கஷ்டமும் இல்லை. சரியான கேள்வி கேட்டால் போதும். எழுபதுகளிலேயே பொருளாதார அறிஞர் தேவகி ஜெயின் குழுவினர் ராஜஸ்தான், மேற்கு வங்காளக் கிராமங்களில் போய் உட்கார்ந்து யார் எவ்வளவு நேரம் என்ன செய்கிறார்கள் என்று குறித்தார்கள். அரசாங்கப் படிவத்தில் வேலையில்லாதவர்களாக இருந்த பெண்கள், நேரக் கணக்கில் உழைப்பாளிகளாக வெளிப்பட்டார்கள். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'வேலை செய்தீர்களா?' என்ற கேள்விக்குப் பக்கத்தில், சொந்த வயலிலும் குடும்பத் தொழிலிலும் கூலியில்லாமல் செய்யும் வேலையும் சேர்த்து என்று சில வார்த்தைகளைச் சேர்த்தார்கள். சின்ன அடைப்புக்குறிதான். அதற்குள் கோடிக்கணக்கான பெண்களுக்கு இடம் இருந்தது.

பேங்க் கணக்கு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பெயரில் கணக்கு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதை அவளே பயன்படுத்துகிறாளா என்பது இன்னொன்று. பாஸ்புக் அவள் பெயரில், ஏ.டி.எம். கார்டு அவர் பர்ஸில் என்கிற வீடுகள் நமக்குத் தெரியாததா? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இரண்டாவது கேள்வியைக் கேட்கிறது. 2015-16-ல் தாங்களே பயன்படுத்தும் கணக்கு வைத்திருந்த பெண்கள் 53 சதவிகிதம். 2019-21-ல் 78.6. இந்த எண்ணைப் பார்த்துக் கைதட்டலாம். கேள்வி நேர்மையாக இருந்ததால் பதிலையும் நம்ப முடிகிறது.

இதற்கு எதிர் உதாரணமும் உண்டு. 15 வயசுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்புச் சந்தையில் இருப்பவர்கள் 2017-18-ல் 23.3 சதவிகிதம், 2023-24-ல் 41.7. பிரமாதமான பாய்ச்சல் என்று அரசுத் தரப்பில் பெருமைப்பட்டார்கள். ஆனால், 2023-24-ல் வேலை செய்வதாகப் பதிவான பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல், குடும்பத் தொழிலில் 'சம்பளமில்லா உதவியாளர்'. கணவர் பெயரில் டீக்கடை, வடை சுடுவது மனைவி, கல்லாவில் கணவர். அவள் உழைப்பாளி என்று எழுதியது நியாயம். நேற்று வரை எழுதாமல் விட்டதுதான் அநியாயம். ஆனால், சம்பளக் கட்டத்தில் இன்னும் கோடுதான். இந்த ஏற்றத்தில் எவ்வளவு நிஜமான வேலை, எவ்வளவு எண்ணும் முறை மாறியதால் வந்தது என்று பொருளாதார நிபுணர்கள் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். 'விமன் அண்ட் மென்' புத்தகம் 41.7-ஐப் போடும்போது பக்கத்திலேயே 'இதில் கையில் காசு பார்த்தவர்கள் இத்தனை பேர்' என்றும் போட்டால் அதன் மதிப்பு கூடும்.

இல்லத்தரசிக்கு விலையே போட்டதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. போடுகிறார்கள். அவள் செத்த பிறகு.

1989-ல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து வழக்கில், 2001-ல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்பை மாசம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பழைய அட்டவணையோ, சம்பாதிக்காத மனைவி இறந்தால் கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளச் சொன்னது. அவளுடைய வேலைக்கான மதிப்பு அவளுடைய வேலையில் இல்லை, அவன் சம்பளத்தில் இருக்கிறது! கலெக்டர் மனைவி வைக்கும் ரசம் விலை அதிகம், கண்டக்டர் மனைவி வைக்கும் ரசம் விலை கம்மி. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2009-ல் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இல்லத்தரசியின் உழைப்பை எப்படியெல்லாம் மதிப்பிடலாம் என்று ஒரு தீர்ப்பில் விரிவாக அலசினார். அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் அதை எடுத்தாண்டது. இவை எல்லாமே விபத்தில் இறந்த பெண்களுக்கான நஷ்டஈட்டுக் கணக்குகள்.

2023 ஜூனில்தான் ஒரு மாற்றம். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். இது விபத்து வழக்கு அல்ல, சொத்து வழக்கு. அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவனால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது என்பது வாதம். பார்த்தீர்களா, அந்த எதிர்ப் பதிவு! புள்ளியியல் அமைச்சகம் எழுதாததை ஒரு நீதிபதி எழுதிவிட்டார்.

இன்னொரு அட்டவணையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தற்கொலைகளைத் தொழில் வாரியாகப் பிரித்துக் கொடுக்கிறது. 2022-ல் தற்கொலை செய்துகொண்ட பெண்கள் 48,172. அதில் 'இல்லத்தரசி' என்ற வரிசையில் இருப்பவர்கள் 25,309. பாதிக்கும் மேல். உயிரோடு இருக்கும்போது அவள் 'வேலை செய்யாதவர்'. இந்த அட்டவணையில் மட்டும் அவள் செய்தது ஒரு தொழில்.

அதே வருஷம், அதே அறிக்கையில் ஆண்கள் 1,22,724 பேர். 'பார்த்தீர்களா, ஆண்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்' என்று இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் விரட்டப்போவதில்லை. அந்த எண்ணும் நிஜம், அந்த வலியும் நிஜம். ஒவ்வொரு சாவுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கும். ஆனால், குடும்பத்தின் வரவுக் கணக்கு மொத்தத்தையும் ஓர் ஆள் பெயரில் எழுதுகிற சமூகம், கடனையும் அவமானத்தையும் அதே ஆள் தலையில்தான் எழுதும். அவளுக்குப் பூஜ்யம் போட்ட அதே பேனா, அவனுக்குத் தாங்க முடியாத ஒரு தொகையைப் போட்டுவிடுகிறது. தப்பான கணக்கில் இரண்டு பக்கமும்தான் தப்பாகும்.

மாறுகிறதா? 1998-99-ல் தமிழ்நாடு உள்பட ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாக நேரக் கணக்கு எடுத்தார்கள். வீட்டு வேலையும் பராமரிப்பும் சேர்த்து வாரத்துக்குப் பெண்கள் 34.6 மணி, ஆண்கள் 3.6 மணி. 2019 எண்களை அதே மாதிரி வாரக் கணக்காக்கினால் பெண்கள் 32.6, ஆண்கள் 4.2. ஆறு மாநிலத்தையும் நாடு முழுவதையும் அச்சு அசலாக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் போக்கு தெரிகிறது. இருபது வருஷத்தில் நாம் கொடுத்த உதவி வாரத்துக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. 2024-ல் மறுபடி எடுத்தார்கள். 299 நிமிஷம் 289 ஆகியிருந்தது. ஆண்கள் பங்கு போட்டுக்கொண்டதாலா? அவர்களுடைய 97-ம் 88-க்கு இறங்கியிருந்தது!

தமிழக அரசு 2023 செப்டம்பரில் மாசம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது அதற்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. தினமும் ஐந்து மணி நேர வேலைக்கு வகுத்துப் பார்த்தால் மணிக்கு 7 ரூபாய்கூட வராது. ஆனால், உதவி என்ற தலைப்பில் எழுதாமல் உரிமை என்ற தலைப்பில் எழுதினார்கள் பாருங்கள், கணக்குப் படித்தவனுக்கு அது பெரிய விஷயம். எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறோம் என்பதில்தான் பாதிக் கணக்கு இருக்கிறது.

2027-க்கான மக்கள்தொகைக் கணக்கெடுப்பை 2025 ஜூனில் அறிவித்துவிட்டார்கள். கணக்கெடுக்க வருபவர் வாசலில் நின்று வீட்டில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்பார். வழக்கமாக ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஆண்தான் எழுந்துபோய்ப் பதில் சொல்வார். உள்ளே குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்.

'உங்க மிஸஸ் என்ன வேலை பார்க்கிறாங்க?'

பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் உள்ளே திரும்பிப் பாருங்கள். அவர் தைத்துக்கொடுக்கிறாரா, மாவரைத்து விற்கிறாரா, கடைக் கணக்கு எழுதுகிறாரா, பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாரா என்று யோசியுங்கள். அதைவிட நல்லது, அவரையே கூப்பிட்டுப் பதில் சொல்லச் சொல்லுங்கள். அதற்குள் குக்கரைப் போய் நீங்கள் இறக்குங்கள்.